செவ்வாய்க்கிழமை இனி கடை இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தத் துணிகள் வருவதற்குள் இதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும். வரும் வாரத்திலிருந்து நம் தையல் கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 10 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவோம். தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் இதே நேரம்தான். விஷயம் தெரிந்து நாலைந்து பேர் "ஏம்மா திடீர்னு?" என்று கேட்டுவிட்டீர்கள். நின்றபடி சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில் தையல் கடை வைத்திருப்பவர்களுக்கு சீசன் முடிவதே இல்லை. ஜூனில் பள்ளி யூனிஃபார்ம். ஆவணியில் கல்யாணம். அப்புறம் தீபாவளி. அது முடிந்த மறுநாளே ராயபுரத்திலிருந்து கிறிஸ்துமஸ் துணிகள் வந்துவிடும். பிறகு பொங்கல், தை முகூர்த்தம், ரம்ஜான். எம்.சி. ரோட்டில் துணி எடுத்துக்கொண்டு நேராக நம் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. யாருக்கும் "முடியாது" என்று சொன்னதில்லை. அதை ஒரு பெருமையாகவே நினைத்திருந்தேன். காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் இரவு பதினொன்று, சீசனில் ஒன்று, இரண்டு. கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கும் மேல்.

போன தை மாதம் ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் புடவை ஜாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். இரவு ஒன்றரை மணி இருக்கும். அன்று நான் வெட்டிய பன்னிரண்டாவது துணி அது. கைத்துணியை மடித்துப் போட்டு வெட்டினால் இடது ஒன்று, வலது ஒன்று என்று தானாக வந்துவிடும். பார்டர் நேராக விழ வேண்டும் என்று தனித்தனியாகப் போட்டு வெட்டினேன். இரண்டும் இடது கையாக விழுந்துவிட்டது. பட்டுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் உண்டு, திருப்பிப் போட்டுத் தைக்க முடியாது. புடவையோடு நெய்து வந்த துணி என்பதால் கடையில் போய் இன்னொன்று வாங்கவும் வழியில்லை. கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது.

காலையில் அந்தப் பெண்ணின் அம்மாவை வரச் சொல்லி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். நல்ல வேளை, ஜாக்கெட்டும் புடவையும் ஒரே நிறம். இடுப்பில் உள்ளே செருகுகிற நுனியில் ஏறக்குறைய ஒரு முழம் எடுத்தால் ஒரு கை வந்துவிடும், கட்டினால் வெளியே தெரியாது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "நீ ஒழுங்காத் தூங்கி எத்தன நாளாச்சும்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஜாக்கெட் நன்றாகவே வந்தது, கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் அந்தப் புடவையில் ஒரு முழம் குறைந்தது குறைந்ததுதான்.

இத்தனைக்கும் உடம்பு முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. வலது மணிக்கட்டு வலி தோள் வரைக்கும் ஏறிவிட்டது. பி.பி.யும் கூடியிருந்தது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம், இதயநோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொல்லியிருக்கின்றன. என் மகள் அதைப் போனில் படித்துக் காட்டினாள். படித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் தாத்தா பெரம்பூர் பின்னி மில்லில் இருந்தவர். கடினமான வேலைதான். ஆனால் சங்கு ஊதினால் வேலை முடிந்தது, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அந்தச் சங்கும் சும்மா வந்ததில்லை. 1918 ஏப்ரலில் தொழிற்சங்கத் தலைவர் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, மதியம் சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்பது மில் தொழிலாளர்களின் முக்கியமான குறைகளில் ஒன்று. திரு.வி.க.வும் அந்தச் சங்கத்துக்காக உழைத்தார். பெரம்பூரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, அந்த மில் தாத்தாவின் பேத்தி கடையில் நாலு பேர் நின்றபடி டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நம் கடைக்குச் சங்கு கிடையாது, அதை ஊத வேண்டியவள் நான்தான் என்று அப்போது புரியவில்லை.

வைகாசியில் யாரிடமும் சொல்லாமல் செவ்வாய்க்கிழமை லீவு எடுத்துப் பார்த்தேன். அன்று பலர் புதுத் துணி கொடுக்க மாட்டார்கள், அதனால் அந்தக் கிழமை. முதல் வாரம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து வெட்டினேன். குனிந்து பார்த்து "இருக்கியா?" என்று ஆறு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் வீட்டில் இருந்தேன். வாட்ஸ்அப்பில் கழுத்து டிசைன் வந்துகொண்டே இருந்தது, நானும் பதில் போட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாவது வாரம் போனை மகளிடம் கொடுத்துவிட்டேன். கை சும்மா இருக்கவில்லை. பழைய புடவையைக் கிழித்துத் தலையணை உறை தைத்தேன். சும்மா உட்கார்ந்தால் எதையோ திருடுகிற மாதிரி இருந்தது. பதினாறு வருஷமாகப் பழகியது மூன்று வாரத்தில் போய்விடாது.

காசிமேட்டிலிருந்து வரும் ஒரு அக்காவிடம் இதைச் சொன்னேன். அப்போது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அவர் வீட்டுக்காரர் படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். "இப்ப வுட்டாத்தான் மீனு முட்ட போட்டுப் பெருசாவும். இப்பவும் அள்ளுனா அப்புறம் வலைல இன்னா வரும்?" என்றார். வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதம் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர் சொன்னது.

அதற்கடுத்த செவ்வாய் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்தபோது விடிந்துவிட்டது என்று பதறினேன். முகம் கழுவிக்கொண்டு மகளோடு திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். அன்று முழுக்க யாருடைய அளவும் மனதில் ஓடவில்லை. மணிக்கட்டு வலி போய்விடவில்லை. ஆனால் இப்போது புதன்கிழமை காலையில் கத்திரிக்கோலைப் பிடிக்கும்போது கை நடுங்குவதில்லை.

என் ஓய்வைப் பற்றி மட்டும் பேசினால் நியாயமாகாது. மிஷினில் இருக்கும் மூன்று பேருக்கும் பீஸ் கணக்கில்தான் கூலி, கடை மூடினால் அவர்களுக்குத்தான் முதல் நஷ்டம். ஹெம்மிங்கும் கொக்கியும் எடுத்துப் போகிற அக்கா, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் ஊசியை எடுக்கிறார். நீங்கள் "நாளைக்கே வேணும்" என்று கேட்டு நான் "சரி" என்றபோதெல்லாம் அது அவருடைய தூக்கத்திலிருந்துதான் போனது. தமிழ்நாட்டில் 1947ஆம் வருஷத்துக் கடைகள் சட்டத்திலேயே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு முழு நாள் விடுமுறை என்று இருக்கிறது. அதை இத்தனை வருஷம் நான் கவனிக்காதது என் தவறு. இனி ஏழு மணிக்கு மிஷின் நிற்கும், கடைசி ஒரு மணி நேரத்தில் கொடுக்கல் வாங்கலை நான் பார்த்துக்கொள்வேன். மதியம் ஒரு மணி நேரம் சாப்பாடு, உட்கார்ந்து. செவ்வாய்க்கிழமைக்கும் மூன்று பேருக்கும் நாள் கூலி உண்டு. அதற்காக லைனிங் ஜாக்கெட்டுக்கு 30 ரூபாய் கூட்டியிருக்கிறேன்.

வாரத்துக்கு 40 ஜாக்கெட்தான் எடுப்போம். நோட்டு நிறைந்தால் அடுத்த வாரத் தேதிதான் எழுதுவேன். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு ஆர்டர் நோட்டை மூடிவிடுவோம், ஆகவே துணி எடுத்ததும் கொடுத்துவிடுங்கள். கூடவே அளவு ஜாக்கெட்டும் வேண்டும். அதை மறந்துவிட்டு வருவதால்தான் பாதி வேலை தாமதமாகிறது. துக்க வீடு, ஆஸ்பத்திரி என்று உண்மையான அவசரம் வந்தால் கடைக்கு வந்து சொல்லுங்கள், என்ன செய்ய முடியும் என்று பார்ப்போம். இரவு 8 மணிக்கு மேல் அனுப்பும் மெசேஜை மறுநாள் காலையில்தான் பார்ப்பேன்.

இதனால் சிலர் வேறு கடைக்குப் போகலாம், போனால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். உங்கள் அளவு என் நோட்டில் இருக்கிறது, எப்போது வந்தாலும் தைத்துக் கொடுப்பேன்.

கல்மண்டபம் பக்கத்திலிருந்து வந்து நீலப் பட்டு ஜாக்கெட் கொடுத்த அக்கா, உங்களுக்குச் செவ்வாய் என்று தேதி எழுதியிருந்தேன். திங்கள் மாலையே தயாராக இருக்கும். வந்து போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தையல் கடைக்காரி,
தண்டையார்பேட்டை