காலக்கெடு கடந்தபின் திறக்கப்பட்ட வரி மதிப்பீடு – வங்கிக் கணக்கை விடுவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்: உரிமையாளர், பாத்திரக்கடை, பெரிய கடைவீதி.
பெறுநர்: இணை ஆணையர் (வணிகவரி) அவர்கள்.
பார்வை: தமிழ்நாடு மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தின் 84ஆம் பிரிவின் கீழ் (ஆணையில் உள்ள பிழையைத் திருத்தும் பிரிவு) நாங்கள் அளித்த திருத்த மனு, அதன் நினைவூட்டல்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் 2011-12ஆம் ஆண்டு வரி மதிப்பீட்டை மீண்டும் திறந்து ஆணை போட்டு, வங்கிக் கணக்கையும் முடக்கியிருக்கிறார்கள். இதுபற்றிப் பார்வையில் கண்ட எதற்கும் இன்றுவரை பதில் இல்லை. மணிக்கூண்டுக்குத் தெற்கே, நகைக்கடைகளுக்கு நடுவில் உள்ள பழைய கடை எங்களுடையது. தாங்கள் இந்த வணிகவரி வட்டத்தில் பணியாற்றியவர், கடையை அறிவீர்கள்.

1. 2011-12ஆம் ஆண்டுக்கு மாதந்தோறும் நமூனா (வரிக் கணக்குப் படிவம்) தாக்கல் செய்து வரி கட்டியுள்ளோம். தமிழ்நாடு மதிப்புக் கூட்டு வரிச் சட்டம் 2006, பிரிவு 22(2)இன்படி அந்த ஆண்டின் மதிப்பீடு 31.10.2012 அன்றே முடிந்ததாகக் கருதப்படும்.

2. அதை மீண்டும் திறக்க அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு தரும் அவகாசம் 6 ஆண்டுகள். கணக்கில் விடுபட்ட விற்றுமுதலானாலும், உள்ளீட்டு வரி வரவானாலும் (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) அதே கெடுதான். அது 31.10.2018 அன்று தீர்ந்தது. எங்களுக்கு முதல் நோட்டீஸே 2019 பிப்ரவரியில்தான் வந்தது. ஜிஎஸ்டி சட்டத்தின் 174ஆம் பிரிவு பழைய வரிச் சட்டத்தின்கீழ் எடுக்கும் நடவடிக்கைகளைக் காப்பாற்றுகிறது என்கிறார்கள் அலுவலகத்தில். காப்பாற்றட்டும், முடிந்துபோன கெடுவை அது நீட்டவில்லையே.

3. எங்களுக்குச் சரக்கு விற்றவர் காட்டிய கணக்கும் எங்கள் கொள்முதலும் துறையின் இணையதளத்தில் ஒத்துப்போகவில்லையாம். அப்படியானால் விற்றவரின் வட்டத்தில் விசாரித்துச் சரிபார்க்க வேண்டும் என்று 2017இல் ஜே.கே.எம். கிராஃபிக்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. விசாரித்தீர்களா என்று எழுதிக் கேட்டோம். பதில் வரவில்லை, மறுமதிப்பீட்டு ஆணைதான் வந்தது.

4. அதையாவது மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம். வங்கியில் எங்கள் நடப்புக் கணக்கை முடக்கியதைத்தான் தாங்க முடியவில்லை. கும்பகோணத்துப் பித்தளை வியாபாரிக்குக் கொடுத்த காசோலை திரும்பிவிட்டது. எங்கள் அப்பா காலத்திலிருந்து கடனுக்குச் சரக்கு அனுப்பியவர், இப்போது ரொக்கம் வைத்தால்தான் மூட்டை கட்டுவேன் என்கிறார். ஆவணி முகூர்த்தத்துக்குச் சீர்வரிசை சொன்ன ஒரு குடும்பம் முன்பணத்தை வங்கியில் போட்டது. அதுவும் உள்ளே மாட்டிக்கொண்டது. குத்துவிளக்கும் தவலையும் எங்கே என்று பெண்ணின் தாயார் கடை வாசலில் நின்று கேட்கிறார். அவருக்கு 27ஆம் பிரிவைப் படித்துக் காட்டவா ஐயா? அந்தப் பணம் எங்கள் வரிப் பாக்கியா? கடைப் பையன்களுக்குச் சம்பளம் வெளியில் வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிறோம். அலுவலகத்தில் கேட்டால், "கோப்பு மேலே போயிருக்கிறது" என்கிறார்கள். மேலே என்றால் தங்களிடம்தானே?

5. கணக்கை விடுவியுங்கள்.

6. கெடு கடந்த ஆணையை ரத்து செய்யுங்கள். முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். நீதிமன்றத்துக்குப் போகவாவது ஒரு தாள் வேண்டும்.

முகூர்த்தத்துக்கு முன் வங்கிக்கு விடுவிப்புக் கடிதம் அனுப்புமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உரிமையாளர்