பெட்டியில் ஒரு வால், உள்ளே இன்னொரு வால்: ஸ்பைனோசோரஸ் உருவம் தொடர்பான முறைப்பாடு

திருகோணமலை,
ஆகஸ்ட் 4.

முகாமையாளர் அவர்கட்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

விடயம்: 1:40 அளவுத்திட்ட ஸ்பைனோசோரஸ் டைனோசர் உருவத்தின் பெட்டிக்குள் பழைய அச்சில் வார்த்த உருவம் வைத்து விற்கப்பட்டமை

இந்த விடயம் குறித்து நான் தங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரு புள்ளிகூட மாறாத ஒரே பதில் வந்தது. "தங்கள் முறைப்பாடு தீர்க்கப்பட்டுள்ளது, எங்களோடு இணைந்திருப்பதற்கு நன்றி" என்ற அந்தப் பதிலை வாசித்துவிட்டு, எதுதான் தீர்ந்தது என்று தேடிப் பார்த்தேன். என் பொறுமையைத் தவிர வேறெதுவும் தீர்ந்ததாகத் தெரியவில்லை. ஆகவே இம்முறை கைப்பட எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

தங்கள் பெயரில் வெளிவரும் பொருள் தங்களுக்குத் தெரியாததல்ல என்பதால் அதை நீட்டி விவரிக்கப் போவதில்லை. பெட்டியின் முகப்பில் நீரைக் கிழித்துக்கொண்டு போகும் ஸ்பைனோசோரஸின் படம் இருக்கிறது. அதன் வால், எங்கள் டச்சு விரிகுடாக் கரையில் வள்ளக்காரர் சாய்த்து வைத்திருக்கும் துடுப்பைப் போல அகன்றும் தட்டையாகவும் நிற்கிறது. மூலையில் ஒட்டியிருக்கும் பொன்னிற வில்லை, இது 2020ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பின்படி திருத்திய வடிவம் என்றும், விஞ்ஞானரீதியாகச் சரிபார்க்கப்பட்டது என்றும் சொல்கிறது. மே 26ஆம் திகதி ரூபா 14,850 கொடுத்து, அந்த வில்லையை நம்பித்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்து உருவத்தை வெளியே எடுத்தேன். வால், தீட்டிய பென்சிலைப் போல உருண்டு சிறுத்து நுனியில் முடிந்தது.

வாலொன்றுக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று இதை வாசிப்பவர் நினைக்கக்கூடும். தங்கள் அலுவலகத்தில் ஒருவர் நினைத்ததோடு நில்லாமல் வாய்விட்டும் சொன்னார். அவரிடம் பின்னர் வருகிறேன். ஸ்பைனோசோரஸின் கதையே திருத்தங்களின் கதைதான். எகிப்தின் பஹரியாப் பாலைவனச் சோலையில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு ஏர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் என்ற ஜெர்மானியர் 1915இல் அதற்குப் பெயரிட்டார். அந்த எலும்புகள் 1944 ஏப்ரலில் மியூனிக் நகரின்மீது விழுந்த குண்டுகளில் அழிந்துபோயின. அதன் பின்னர் பல பத்தாண்டுகளாக, எஞ்சிய படங்களையும் குறிப்புகளையும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த துண்டுகளையும் வைத்துக்கொண்டு, மற்ற இரைகௌவி டைனோசர் ஒன்றின் உடலில் முதலைத் தலையையும் வள்ளத்தின் பாயைப் போன்ற முதுகுப் பாயையும் ஒட்டியதுபோலத்தான் சிற்பிகள் அதை வடித்துவந்தார்கள். 2014இல் நிசார் இப்ராஹிம் என்ற ஆய்வாளரும் குழுவினரும் மொரோக்கோவின் கெம் கெம் பகுதியில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, அதன் பின்னங்கால்கள் குட்டையானவை என்று காட்டினார்கள். 2020இல் வால் வெளியாயிற்று. முள்ளந்தண்டு எலும்புகளின்மேல் நீண்ட முட்கள் எழுந்து நிற்க, மேலும் கீழும் அகன்று பக்கவாட்டில் தட்டையான துடுப்பு வால் அது. அந்த வடிவத்தை நெகிழ்வான தகட்டில் வெட்டி, நீர்த்தொட்டியில் இயந்திரத்தால் அசைத்துப் பார்த்தபோது, மற்ற இரைகௌவி டைனோசர்களின் வால்களைவிட அது அதிகமாக உந்தியது. அந்த விலங்கு ஆழத்தில் நீந்தி வேட்டையாடியதா, கரையோரத்தில் நின்று மீன் பிடித்ததா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வாதம் துடுப்பை எதற்குப் பயன்படுத்தியது என்பது பற்றியது. துடுப்பு இருந்ததா என்பது பற்றியதல்ல.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். இந்த உருவம் எனக்குப் புதியதல்ல. 2013இல் தங்கள் நிறுவனத்திடமே வாங்கிய ஸ்பைனோசோரஸ் ஒன்று என் கண்ணாடி அலுமாரியில் பதினொரு ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேசைவிளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். இடத் தொடையின் உட்பக்கத்தில் அச்சின் இரு பாதிகளும் பொருந்தும் கோடு, இரண்டிலும் ஒரே இடத்தில் வளைகிறது. கீழ்த்தாடையின் வலப்பக்கத்தில் மூன்றாவது பல், இரண்டிலும் ஒரே அளவில் மழுங்கியிருக்கிறது. பழையதன் நிறம் பச்சை, புதியதன் நிறம் சாம்பல். வேறு வித்தியாசம் இல்லை. பிறகு இரண்டையும் மல்லாக்கப் புரட்டினேன். புதியதன் வயிற்றின் அடியில், சாம்பல் பூச்சின் கீழே, விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும் எழுத்தில் 2012 என்று பதிந்திருக்கிறது. 2020இல் வெளியான வாலை 2012இல் செய்த அச்சு எப்படி அறிந்திருக்கும் என்பதைத் தாங்கள்தான் விளக்க வேண்டும்.

தையற்காரர் வைத்திருக்கும் அளவுநாடாவால் மூக்கு நுனியிலிருந்து முதுகுவழியாக வால் நுனிவரை அளந்தேன், 29 சென்ரிமீற்றர். பெட்டியில் 36 என்று இருக்கிறது. 1:40 என்று போட்டுவிட்டு 29 தந்தால், நாற்பதால் பெருக்க விலங்கின் நீளம் 11.6 மீற்றர் ஆகிறது. ஸ்பைனோசோரஸுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 14 மீற்றர் அளவு. தரம் எட்டுப் பிள்ளைகூடப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் இந்தக் கணக்கைத் தங்கள் சரிபார்ப்பாளர்கள் செய்யவில்லையா?

இத்தனையையும் படங்களோடு எழுதி அனுப்பிய பிறகுதான், பொருளை நேரில் கொண்டுவந்தால் உடனே மாற்றித் தருவதாகத் தங்கள் தொலைபேசிப் பிரிவில் ஒரு பெண்பிள்ளை சொன்னார். அவரில் எனக்குக் குறை இல்லை, மரியாதையாகவே பேசினார். அவர் சொல்லை நம்பி, அறுபத்தெட்டு வயதில், வெள்ளிக்கிழமை இரவுப் புகையிரதத்தில் ஏறினேன். பெட்டியை மேலே வைத்தால் விழும், கீழே வைத்தால் மிதிபடும் என்று கல்ஓயாச் சந்தி தாண்டியும் மடியிலேயே வைத்திருந்தேன். விடியுமுன் கோட்டை நிலையத்தில் இறங்கி, அலுவலகம் திறக்கும்வரை ஒரு தேநீர்க்கடையில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே விட்டபோது காலை ஒன்பதே கால். முறைப்பாட்டு மேசையில் இருந்த இளைஞர் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார், உருவத்தை ஒருமுறை புரட்டினார், திருப்பி என் பக்கமாகத் தள்ளிவிட்டார்.

"வால் இருக்குத்தானே சேர், பிறகென்ன?"

நான் வயிற்றடியில் இருந்த ஆண்டைக் காட்டினேன். பெட்டியின் படத்தைக் காட்டினேன். அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி, "செத்துப்போன மிருகம் சேர், ஆர் வந்து பாக்கப்போறது?" என்றார். முப்பத்தொரு ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்த எனக்கு, அந்தக் கேள்விக்கு அவ்விடத்தில் பதில் வரவில்லை. வந்திருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார். சனிக்கிழமைகளில் பொருள் மாற்றுவதில்லை என்பதையும், மாற்றும் இடம் அந்த அலுவலகமே அல்ல, நகருக்கு வெளியே உள்ள களஞ்சியசாலை என்பதையும் அதன் பிறகுதான் சொன்னார். போகவரச் செலவு, தேநீர், ஓட்டோ எல்லாமாக உருவத்தின் விலையில் பாதி போயிற்று. காசு போகட்டும். "வால் இருக்குத்தானே" என்ற அந்தச் சொல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. இரவில் படுத்தால் அதுவே கேட்கிறது.

வேறொருவர், அதற்கும் முன்பு, தொலைபேசியில் ஓர் ஆலோசனை தந்தார் என்பதை எழுத மறந்துவிட்டேன். உருவத்தின் வாலைக் கொதிநீரில் அமிழ்த்தி, இளகியதும் இரண்டு புத்தகங்களுக்கிடையில் வைத்து அழுத்தினால் தட்டையாகிவிடுமாம். எங்கள் ஊர் வெயிலில் கால் வளைந்துபோன உருவங்களைச் சுடுநீரில் வைத்து நிமிர்த்தி, உடனே குளிர்நீரில் போட்டு இறுக வைக்கும் கைவேலையைச் சேகரிப்பாளர் எல்லோரும் செய்வதுண்டு, நானும் செய்திருக்கிறேன். வளைந்ததை நிமிர்த்தலாம். இல்லாத எலும்பை எப்படி முளைக்க வைப்பது? தன் தயாரிப்பை வாங்கியவரே சமையலறையில் வைத்து முடிக்கட்டும் என்று சொல்லும் நிறுவனத்தை என் வாழ்நாளில் இப்போதுதான் காண்கிறேன்.

எனக்கு நேர்ந்த இழப்பைத் தாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். எமது பகுதிப் பாடசாலையொன்றில் யூன் மாதம் நடந்த கண்காட்சிக்காக, ஒரே விலங்கை விஞ்ஞானம் எவ்வாறு திருத்தித் திருத்தி அறிந்தது என்று காட்ட மூன்று ஸ்பைனோசோரஸ்களை வரிசையாக வைக்கத் திட்டமிட்டிருந்தேன். கங்காருவைப் போல வாலை ஊன்றி நிமிர்ந்து நிற்கும் பழங்காலத்து உருவம் முதலாவது. 2013இல் வாங்கியது இரண்டாவது. துடுப்பு வாலோடு தங்கள் புதிய உருவம் மூன்றாவது. விளக்க அட்டைகளும் எழுதி முடித்திருந்தேன். கடைசியில் இரண்டாம் இடத்திலும் மூன்றாம் இடத்திலும், பச்சையும் சாம்பலுமாக, இரட்டைப் பிள்ளைகளை நிறுத்த வேண்டியதாயிற்று. தரம் ஏழில் படிக்கும் சிறுமி ஒருத்தி அட்டையை வாசித்து, உருவத்தைப் பார்த்து, மறுபடி அட்டையை வாசித்துவிட்டு, "சேர், இதில துடுப்பு எங்க?" என்று கேட்டாள். ஆர் வந்து பார்க்கப்போகிறது என்று கேட்ட இளைஞருக்கு அதுவே பதில். இருபத்திரண்டு ஆண்டுகளாக நூற்றுநாற்பதுக்கு மேற்பட்ட உருவங்களைச் சேர்த்து, எது சரி எது பிழை என்று சொல்லும் தகுதி எனக்கு உண்டென்று இந்த ஊர் வைத்திருந்த நம்பிக்கை அந்த ஒரு மேசையில் கவிழ்ந்துபோனது. அதற்கு விலைபோட என்னால் முடியவில்லை.

நான் எதற்கெடுத்தாலும் குறை காண்பவன் அல்லன். சாம்பல் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஸ்பைனோசோரஸின் நிறம் எவருக்கும் தெரியாது. சினோசோரொப்ரெரிக்ஸ் என்ற சிறு டைனோசருக்கு வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமான வளையங்கள் இருந்தன என்று 2010இல் இறகிழைகளின் நிறமணிகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பச்சை அடித்திருந்தால் கேட்பேன். 2007இல் வெலோசிராப்டர் என்ற டைனோசரின் முன்கை எலும்பில் இறகு பொருந்தும் மேடுகளைக் கண்ட பின்னரும் அதை மொட்டைப் பல்லியாக விற்றால் கேட்பேன். டைமெட்ரோடனை டைனோசர்ப் பெட்டியில் அடைத்து விற்பவரிடமும் கேட்பேன், ஏனெனில் அது டைனோசருக்கு அல்ல, பாலூட்டிகளின் வழிக்கே நெருங்கியது. 2012இல் செய்த உருவத்துக்கு உருண்டை வால் இருந்ததை நான் குற்றமாக எண்ணவில்லை. அன்று தெரிந்தது அவ்வளவுதான். உள்ளங்கைகளைப் பியானோ வாசிப்பவரைப் போல நிலத்தை நோக்கித் திருப்பி வைத்ததை மட்டும் அன்றைக்கே தவிர்த்திருக்கலாம், ஏனெனில் இரைகௌவி டைனோசர்களின் மணிக்கட்டு அவ்வாறு திரும்பாது என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. அதையும் பொறுத்துக்கொண்டுதான் பதினொரு ஆண்டுகள் வைத்திருந்தேன். வில்லை ஒட்டாமல் பழைய உருவம் என்று சொல்லி விற்றிருந்தால் நான் வாங்கியிருக்கமாட்டேன். தங்களோடு எனக்கு வழக்கும் இருந்திராது.

தங்கள் நிறுவனத்தின்மீது எனக்கு இன்னமும் மதிப்பு இருக்கிறது என்பதால், இதைப் பொதியிடும் இடத்தில் நடந்த தவறாகவே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். பெட்டிப் படத்தில் உள்ள உருவத்தைத் தங்கள் செலவில் என் வீட்டுக்கு அனுப்பி, எனக்கு விற்ற சாம்பல் உருவத்தை அதே கூரியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள். அவ்வாறான உருவம் தங்களிடம் இல்லையென்றால் ரூபா 14,850ஐயும் புகையிரதச் செலவையும் திருப்பித் தாருங்கள். எதுவானாலும், அந்த முறைப்பாட்டு மேசையிலிருந்து எழுத்தில் ஒரு வருத்தம் வர வேண்டும்.

ஆகஸ்ட் 18ஆம் திகதிக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இழுத்தடித்து ஆகஸ்ட் 26ஐத் தாண்டவிடலாம் என்று தங்களில் எவரேனும் எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை விட்டுவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பெட்டியையும் வில்லையையும் பற்றுச்சீட்டையும், இரண்டு வயிறுகளின் படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்
(பெயரும் முகவரியும் பற்றுச்சீட்டின் பிரதியில் உள்ளன.)

பி.கு.: மாற்று உருவத்தை அனுப்பும் முன், யாராவது ஒருவர் பெட்டியைத் திறந்து, அதை மல்லாக்கப் புரட்டி, வயிற்றடியில் உள்ள ஆண்டை வாசித்துவிட்டு அனுப்பவும்.