புல்லட் ஹெட்டில் ஏறிய கரி

அன்பு மகளுக்கு,

பிரித்த புல்லட் இன்ஜினை நீ படமெடுத்து அனுப்பியதைப் பார்த்தேன். பிஸ்டன் தலை முழுக்கக் கரி. உடனே சுரண்ட உட்காராதே, முதலில் விரலால் தொட்டுப் பார். காய்ந்து பொடியாக உதிர்ந்தால் காற்றோடு கலக்கும் பெட்ரோல் அதிகம். அந்தக் கலவையைச் செய்யும் கார்புரேட்டரையும் கவனிக்க வேண்டும். பிசுபிசுப்பாகக் கெட்டித்திருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்மானம். இன்டேக் வால்வின் முதுகில் மட்டும் பிசுக்கு என்றால், வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடைச் சந்தேகப்படு.

பழைய 350 புல்லட்டில் சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடியான ஹெட்டும் உள்ளே ஓடும் பிஸ்டனும் அலுமினியம். அதனால் யார் சொன்னாலும் காஸ்டிக் சோடா பக்கம் போகாதே. அது அலுமினியத்தையே அரித்துவிடும். தீப்பிடிக்கும் ஹைட்ரஜனும் கிளம்பும்.

பிஸ்டனை டீசலில் முழுக மூழ்கவைத்து ஒரு ராத்திரி விடு. காலையில் மூங்கில் சீவலாலோ பித்தளைத் தகட்டாலோ சுரண்டு. இளகாத இடத்தை மறுபடி ஊறவை. அழுத்திச் சுரண்டினால் கோடு விழும், அந்தக் கோட்டில்தான் அடுத்த கரி முதலில் பிடிக்கும். உப்புத்தாளும் வேண்டாம். அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து, ஓடும்போது சிலிண்டரின் உட்சுவரான போரை அறுக்கும்.

பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளமான ரிங் காடிதான் பொறுமையைச் சோதிக்கும் இடம். பழைய ரிங் ஒன்றை உடைத்து, அதன் முனையால் காடிக்குள் இருக்கும் கரியை மட்டும் எடு. காடியின் பக்கச் சுவரில் உலோகம் ஒரு இழை போனாலும் புது ரிங் ஆடும், கம்ப்ரெஷன் நிற்காது. ஆயில் ரிங் காடியில் உள்ள சின்னத் துளைகளை மறந்துவிடாதே. அவை அடைத்திருந்தால் சுவரில் வழிக்கும் ஆயில் திரும்ப வழியில்லாமல் மேலேறி எரியும். சைலன்சரில் நீலப் புகை வரும்.

ஹெட்டில் வால்வுகளைக் கழற்றும் முன்பே எரியறையைச் சுத்தம் செய்துவிடு. வால்வு மூடியிருந்தால் அது உட்காரும் சீட்டில் கீறல் படாது. பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றை முடுக்கிவைத்தால் மரையும் தப்பும். பிறகு வால்வுகளைக் கழற்றி, காற்றும் புகையும் போகும் வழிகளான போர்ட்டுகளைப் பார்.

எல்லாவற்றையும் சோப்புப் போட்ட வெந்நீரில் கழுவிக் காற்றடி. சிலிண்டர் காய்ந்ததும் போரில் ஆயில் தடவிவிடு, இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். சிலிண்டருக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸ் வாயில் துணி அடைத்திருக்கிறாய் அல்லவா? பிஸ்டனைக் கோர்க்கும் கட்ஜன் பின் நழுவாமல் பிடிக்கும் சர்க்கிளிப் இரண்டும் புதிதாகவே போடு.

வால்வையும் சீட்டையும் பேஸ்ட் தடவித் தேய்த்துப் பொருத்தும் லேப்பிங் முடிந்து, பேஸ்ட்டைச் சுத்தமாகக் கழுவியபின், ஸ்பிரிங்கோடு பூட்டிப் போர்ட்டில் கொஞ்சம் டீசல் ஊற்றி ஐந்து நிமிடம் பார். எரியறைப் பக்கம் கசிந்தால் அந்த வால்வை மட்டும் மறுபடி லேப் செய். முடித்ததும் படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா