மூட்டைக்குள் இருக்கும் அரிசியையும் ஒருமுறை சோதியுங்கள்

உணவு இறக்குமதியையும் பொட்டலங்களில் அச்சிடப்படும் விவரங்களையும் மேற்பார்வையிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சீரகச் சம்பா என்று விற்ற அரிசியில் வேறு ரகம் கலந்திருப்பதாக நான் அனுப்பிய முறையீட்டுக்கு உங்கள் பதில் கிடைத்தது. ஏற்றுமதியாளரின் ஆவணங்கள் ஒழுங்காக இருப்பதாகவும், அரிசியைக் கண்ணால் பார்த்து ரகத்தை உறுதிசெய்ய இயலாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இயலாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் மரபணுச் சோதனை செய்யுமாறு கேட்டிருந்தேன்.

சிங்கப்பூரின் ஈசூனில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலிருந்தபடியே பிரியாணி சமைத்துக் கொடுப்பவள் நான். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு வளைகாப்புக்கு, பொன்னியைப் போல் இரண்டு மடங்கு விலை கொடுத்துத் தேக்கா வட்டாரக் கடையில் வாங்கிய அரிசியைத் தம் போட்டேன். மூடியைத் திறந்தபோது பாதிச் சோறு களியாகக் குழைந்திருந்தது. அதற்குள்ளேயே பல்லில் நறுக்கென்று கடிபடும் வேகாத மணிகளும் கிடந்தன. மிச்ச அரிசியை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்தேன். சில மணிகள் சீரகம்போல் ஒடுங்கியிருக்க, பல மணிகள் வயிறு பருத்து, நடுவில் சுண்ணாம்புப் புள்ளியோடு இருந்தன. அந்த வீட்டார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பணத்தையும் நீட்டினார்கள், நான்தான் வாங்கவில்லை. குழந்தையின் பெயர்சூட்டு விழாவுக்கு வேறொருவரிடம் சொல்லிவிட்டார்கள்.

நான் கேட்பது புதுமையன்று. பாசுமதியில் கலப்பு 7 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று பிரிட்டனில் 2005-இல் நடைமுறை விதி வகுத்து, அதை டிஎன்ஏ (மரபணு) சோதனை கொண்டே சரிபார்க்கிறார்கள். நெல்லின் 12 குரோமோசோம்களில் சில டிஎன்ஏ குறுந்தொடர்கள் எத்தனை முறை அடுத்தடுத்து வருகின்றன என்பது ரகத்துக்கு ரகம் மாறுகிறது. தவிடு நீக்கிய ஒற்றை மணியிலிருந்துகூட அதை எண்ணிவிடலாம். மணத்தை நம்பிப் பயனில்லை, ஏனெனில் பாசுமதிக்கும் தாய்லாந்து மல்லிகை அரிசிக்கும் மணம் தருவது ஒரே மரபணுவில் நேர்ந்த ஒரே பழுதுதான் (ரம்பை எனப்படும் நம் பாண்டான் இலையில் மணப்பதும் அந்த அரிசிகளில் இருக்கும் அதே மணப்பொருளே). ஒப்பிடுவதற்கு அசல் விதை வேண்டுமென்றால், 1912 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கும் கோயம்புத்தூரைக் கேட்கலாம். மரபணு அடையாளங்களைப் பார்த்துத் தேர்ந்து, 2016-இல் தனக்கென ஓர் அரிசியையே சந்தைக்குக் கொண்டுவந்த தீவு இது. புதிய ரகத்தை உருவாக்க முடிந்த ஊரில், பழைய ரகத்தை அடையாளம் காண முடியாதா?

ஆவணங்கள் ஒழுங்காகத்தான் இருக்கும். மூட்டையில் ஏர்பிடிக்கும் உழவரின் படமும் மிக ஒழுங்காகவே அச்சாகியிருக்கிறது. ‘பாரம்பரியம்’, ‘இயற்கை’, ‘பாட்டி கைப்பக்குவம்’ என்று கடைத் தட்டுகளில் இருக்கும் சொற்களுக்கெல்லாம் யார் பொறுப்பு என்று தொடங்கினால் இந்த மடல் முடியாது. மன்னிக்கவும், அரிசிக்கே வருகிறேன்.

ரகத்தின் பெயரைச் சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கும் ஒவ்வொரு சரக்கிலும் ஒரு மூட்டையையாவது மரபணுச் சோதனைக்கு அனுப்பி, முடிவை வாங்குவோர் அறியும்படி வெளியிடுமாறு பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த மூட்டையில் மிஞ்சிய அரைக் கிலோ, ரசீதுடன், என் குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது. எந்த நாளில் கொண்டுவரச் சொன்னாலும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன்வாசி ஒருவர்