டிக்கி கதவில் ஒரு ஓட்டை விடுங்கள்: கார் வடிவமைக்கும் பொறியாளர்களுக்குத் திறந்த மடல்

இந்தியச் சாலைகளுக்காகச் சின்னக் கார்களையும் ஏழு சீட் வண்டிகளையும் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். நான் தூத்துக்குடியில் பழைய கார்களுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக். பத்து, பதினைந்து வருஷம் ஓடிய வண்டிகள்தான் என் ஷெட்டுக்கு வரும். வாரண்டி முடிந்து, கம்பெனி சர்வீஸுக்குப் போவதை நிறுத்திய பிறகு உங்கள் வண்டியில் கை வைக்கிறவன் நான். நீங்கள் செய்தது வயதான பிறகு என்ன பாடு படுத்துகிறது என்பதை நீங்கள் பார்ப்பதில்லை, நான் தினமும் பார்க்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். விஷயம் ஒன்றே ஒன்று: திறக்காமல் மாட்டிக்கொள்ளும் டிக்கி கதவு.

இன்ஜினைப் பற்றியும் மைலேஜைப் பற்றியும் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. டிக்கி கதவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அது மாட்டிக்கொள்ளும் வரை அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. மதுரைக்குப் போகிற வழியில், எட்டயபுரம் தாண்டி ராத்திரியில் டயர் பஞ்சராகி, ஸ்டெப்னியும் ஜாக்கியும் திறக்காத கதவுக்குப் பின்னால் இருந்தால் அப்போது தெரியும்.

நோய் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். டிரைவர் சீட்டுப் பக்கம் லீவர் வைத்த பழைய ஹேட்ச்பேக்குகளில் (பின் கண்ணாடியோடு சேர்ந்தே டிக்கி கதவு மேலே எழும்பும் கார்கள்), லீவரைத் தூக்கும்போது கைக்குத் தெரிவதை வைத்தே பாதியைக் கண்டுபிடித்துவிடலாம். தொளதொளவென்று வந்தால் கேபிள் அறுந்திருக்கிறது, இல்லாவிட்டால் அதன் முனையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்து கேபிள் நழுவியிருக்கிறது. நகரவே மாட்டேன் என்று இறுகி நின்றால், லாக்குக்குள் கிரீஸ் காய்ந்து தூசியோடு சேர்ந்து, கதவைப் பூட்டிப் பிடிக்கும் கொக்கியான நாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. லீவரும் ஒழுங்காக வந்து, பின்னால் 'டக்' என்று சத்தமும் கேட்டு, கதவு மட்டும் எழும்பவில்லையா? எப்போதோ பின்னாலிருந்து யாராவது லேசாக இடித்திருப்பார்கள். அந்த நாக்கு கவ்விக்கொள்ள பாடியில் இருக்கும் ஸ்ட்ரைக்கர் கம்பி கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்.

எங்கள் ஊரில் கடல் காற்றும் உப்பளத் தூசியும் சேர்ந்துகொள்ளும். பின் கண்ணாடியில் விழும் தண்ணீர் வழிந்து கடைசியில் லாக் இருக்கும் இடத்துக்குத்தான் வரும். ரிமோட் இருப்பதால் டிக்கியின் சாவித் துவாரத்தில் வருஷக்கணக்காக யாரும் சாவி போட்டிருக்க மாட்டார்கள். தேவைப்படும் நாளில் சாவி உள்ளே போகும், திரும்பாது. பலம் போட்டுத் திருகினால் சாவி ஒடிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும்.

மின்சார லாக் வந்த பிறகு வேறு மாதிரித் தொல்லைகள். நம்பர் பிளேட்டுக்கு மேலே வைக்கும் ரப்பர் சுவிட்ச் வெயிலில் பிசுபிசுத்துப்போய், அதன் வழியே தண்ணீர் இறங்கும். அதைவிட மோசம் வயர் அறுவது. பாடியிலிருந்து கதவுக்குப் போகும் வயர்கள் கீல் பக்கத்தில் ஒரு மடிப்பு ரப்பர் குழாய் வழியாகப் போகின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அவை வளைந்து நிமிர வேண்டும். மேல் உறை நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு அறுந்துவிடும். டிக்கி திறக்காததோடு நம்பர் பிளேட் லைட்டும் பின் வைப்பரும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்றால் லாக்கைத் தொடவே தொடாதே, முதலில் அந்த ரப்பர் குழாயைப் பிரித்துப் பார் என்று என்னிடம் வேலை பழகும் பையன்களுக்குச் சொல்லுவேன்.

இதெல்லாம் தேய்மானம். இதற்கு உங்களைக் குறை சொல்ல வரவில்லை. அத்தனை வருஷம் வெயில் தின்ற பிளாஸ்டிக் கிளிப் உடையத்தான் செய்யும். என் வழக்கு அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது.

கதவு மாட்டிக்கொண்டால் முதலில் செய்வது சுலபமான வேலை. ஒருவர் லீவரை இழுத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் லாக்குக்கு நேர் மேலே உள்ளங்கையை வைத்துக் கதவை உள்பக்கமாக அழுத்த வேண்டும். சுற்றிலும் இருக்கும் ரப்பர் பீடிங் கதவை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் நாக்கின் மேல் பாரம் இருக்கும். அழுத்தினால் பாரம் இறங்கி நாக்கு விட்டுவிடும். இதிலேயே திறந்துவிட்டால் நான் காசு வாங்குவதில்லை. "அண்ணாச்சி, இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு டீ வாங்கித் தந்துவிட்டுப் போவார்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் வண்டிக்குள் போக வேண்டும். பின் சீட்டைச் சாய்த்து, முட்டி போட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பலகையை, அதாவது டிரிம்மைக் கழற்றி, லாக்கில் கை மாதிரி நீட்டியிருக்கும் சின்ன லீவரை ஸ்க்ரூ டிரைவரால் தள்ள வேண்டும். தள்ளினால் திறந்துவிடும். லாக்கைத் தொட்டுவிட்டால் ஒரு நிமிஷ வேலை. தொடுவதற்குத்தான் அத்தனை பாடும்.

ஏனென்றால் பல வண்டிகளில், கதவு மூடியிருக்கும்போது டிரிம்மின் கீழ் ஓரம் டிக்கி வாசலின் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் போய் மறைந்துகொள்கிறது. ஸ்க்ரூவை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். கதவைத் திறக்க டிரிம்மைக் கழற்ற வேண்டும், டிரிம்மைக் கழற்றக் கதவைத் திறக்க வேண்டும். இதை வரைந்த அன்று உங்கள் அறையில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லையா?

வேறு வழியில்லாமல் உடைக்கிறோம். வெளியிலிருந்து கடப்பாரை போட்டு நெம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கதவு திறக்கும், ஆனால் தகடு வளைந்து, பெயின்ட் போய், அடுத்த மழைக்கு அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கித் துரு பிடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் டிங்கரிங், பெயின்டிங் என்று செலவு எங்கேயோ போகும். சிலர் லாக்கைத் துளை போட்டு எடுத்துவிட்டு, கதவையே கயிற்றால் கட்டி ஓட்டுகிறார்கள். நான் லாக்குக்கு நேராக டிரிம்மில் கத்தியால் ஒரு ஓட்டை வெட்டி, வேலை முடிந்ததும் அதற்கு ரப்பர் மூடி போட்டுத் தருகிறேன். மறுபடி மாட்டிக்கொண்டால் ஓனரே திறந்துகொள்ளலாம்.

அந்த ஓட்டையைத்தான் நீங்களே தொழிற்சாலையில் விட்டுத் தாருங்கள் என்கிறேன்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. ஹோண்டா ஜாஸின் ஓனர் மேனுவலைப் புரட்டிப் பாருங்கள். டிக்கி திறக்காவிட்டால், கதவின் உள்பக்கம் இருக்கும் சின்ன மூடியை ஸ்க்ரூ டிரைவரால் எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் லீவரைத் தள்ளச் சொல்லியிருக்கிறார்கள். டொயோட்டா பிரியஸிலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. பெரிய செலவு பிடிக்கிற சமாச்சாரம் இல்லை. டிரிம்மை வார்க்கும் அச்சில் ஒரு சதுரம், அதற்கு ஒரு மூடி, மேனுவலில் அரைப் பக்கம், அவ்வளவுதான்.

இயற்கை எரிவாயுவில் ஓடும் சி.என்.ஜி. வண்டிகளுக்கு இது இன்னும் அவசரம். பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் கேஸ் சிலிண்டர் பின் சீட்டுக்கு முதுகாக டிக்கியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பின் சீட்டைச் சாய்த்தாலும் ஆள் தவழ்ந்து போக இடம் கிடையாது. கேஸ் வாசனை வந்தால் கையால் மூட வேண்டிய வால்வு அந்தச் சிலிண்டரின் தலையில் இருக்கிறது. அதுவும் பூட்டிய கதவுக்குப் பின்னால்தான். 3 வருஷத்துக்கு ஒரு முறை சிலிண்டரைக் கழற்றி டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. கதவே திறக்காத வண்டியில் எதைக் கழற்றுவது? இந்த வண்டிகளில் ஓட்டை மட்டும் போதாது. லாக்கிலிருந்து ஒரு சின்ன இழுகயிறு பின் சீட் வரை வந்து நிற்க வேண்டும்.

ஏழு சீட் வண்டிகளில் மூன்றாம் வரிசையில் உட்காருகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் குழந்தைகள்தான். நடு சீட்டை மடக்காமல் அவர்களால் வெளியே வர முடியாது. இடித்து நசுங்கிய வண்டியில் நடு சீட் மடங்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? முதுகுக்குப் பின்னாலேயே ஒரு பெரிய கதவு இருக்கிறது, உள்ளே கைப்பிடி இல்லை.

குழந்தை விளையாட்டாகத் திறந்துவிடுமே, திருடன் சுலபமாகத் திறப்பானே என்று நீங்கள் சொல்லலாம். மூடி போட்டு, அதை எடுக்க ஒரு கருவி வேண்டும் என்று வைத்தால் குழந்தை திறக்காது. திருடன் விஷயம் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. அந்த ஓட்டை வரை கை போயிற்று என்றால் அவன் ஏற்கெனவே காருக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

அமெரிக்காவில் 1998 கோடையில் 11 குழந்தைகள் கார் டிக்கிக்குள் மாட்டிக்கொண்டு செத்துப்போனார்கள். அதன் பிறகுதான் 2001 செப்டம்பரிலிருந்து அங்கே ஆள் உட்காரும் இடத்தோடு சேராமல் தனியாக மூடிய டிக்கி உள்ள புதிய கார்களில் உள்ளிருந்து திறக்க ஒரு வழி இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. ஹேட்ச்பேக்குகளை அந்த விதியும் விட்டுவிட்டது. சட்டம் வந்து கையைப் பிடிக்கும் வரை காத்திருப்பீர்களா என்று உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கூடவே ஒரு சின்ன வழக்கு. உடைவது விரல் நுனி அளவு கிளிப். கடையில் கேட்டால் தனியாகக் கிடையாது, முழு லாக் செட்டாக வாங்கு என்கிறார்கள். வண்டி ரொம்பப் பழசாக இருந்தால் அந்தச் செட்டும் வராது. பிறகு சென்னை புதுப்பேட்டைக்குப் போன் போட்டு, உடைத்துப் போட்ட வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி பஸ்ஸில் அனுப்பச் சொல்வோம். அதுவும் அதே வயதுடைய கிளிப். 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. அதில் சேர்த்த நான்கு துறைகளில் உங்கள் துறையும் ஒன்று. அதில் போடுவதற்கு இந்த கிளிப்பை விடப் பொருத்தமான பொருள் எனக்குத் தோன்றவில்லை. தனியாக விற்றால் வாங்கிக்கொள்கிறோம்.

ஓட்டை வைப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று டிரிம்மின் நட்டநடுவில் வைத்துவிடாதீர்கள். லாக்கின் கைக்கு நேர் எதிரே, சாதாரண ஸ்க்ரூ டிரைவர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் தள்ளினால் திறக்கும் என்று மூடியின் மேல் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். இருட்டில், தலைகீழாகப் படுத்துக்கொண்டு பார்க்கிறவனுக்கு இடம் வலம் குழம்பும். வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்களில் ஒருவர் கதவை மூடிக்கொண்டு பின் சீட் வழியாகத் தவழ்ந்து போய்த் திறந்து பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பழைய வண்டி பார்க்கும் மெக்கானிக் ஒருவன்,
தூத்துக்குடி.