ஒரு மழைக்காலம் பொறு

அன்புள்ள மகனுக்கு,

நகரத்தை விட்டு நீ குடிபோகப் போகும் கிராமத்து வீட்டின் 18 படங்களையும் பார்த்துவிட்டேன். முன்வாசல், கிணறு, மாடிப்படி, மரம், மறுபடியும் மரம். மொத்தத்தில் ஐந்து படங்கள் மரத்துக்கே போய்விட்டன. குளியலறைக்கு ஒன்றுகூட இல்லை. சுவரின் அடிப்பாகம் தெரிகிற படம் ஒன்றே ஒன்று. அதிலும் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறாய். வீட்டின் மேல் ஆசை வந்தவன் எடுத்த படங்கள் என்று பார்த்த உடனேயே தெரிந்தது. உன் அப்பாவும் இப்படித்தான்.

போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டு அம்மாவிடம் சொல்கிறவனைத் தடுத்து என்ன ஆகப்போகிறது? போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே பேச்சை முடித்துவிடுவாய். கடிதத்தை அப்படி முடிக்க முடியாது.

முதலில் சுவர். பழைய சுண்ணாம்புக் காரை வீடு என்கிறாய். குடிபோவதற்கு முன்பே சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்துவிடப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதே. நாங்கள் செய்தோம். உனக்கு அப்போது ஆறு வயது, நினைவிருக்காது. நாங்களும் ஒரு சிறிய ஊரில் வாங்கிய வீட்டின் பின்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. கொத்தனார் ஒருவர் வந்து பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, கெட்டியாகச் சிமென்ட் பூசிக் கொடுத்தார். சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. உன் அப்பா போகும்போதும் வரும்போதும் அதைத் தடவிப் பார்ப்பார். இரண்டாவது மழைக்காலத்தில் ஓதம் இடுப்பு உயரத்துக்கு வந்தது. மூன்றாவது ஆண்டு பூச்சு உப்பி, பாளம் பாளமாக விழுந்தது.

பழைய சுவர்களுக்கு அடியில் பெரும்பாலும் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் அதிகம். ஏறிய ஈரத்தை அது காற்றில் விட்டுவிடும். சிமென்ட் விடாது. வெளியேற வழி இல்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். அது கொண்டுவரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சையே வெளியே தள்ளும். இதெல்லாம் பூச்சு விழுந்த பிறகு எங்களுக்குத் தெரிந்தது. கொத்தனார் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஓதம் தெரியக் கூடாது என்று கேட்டோம், தெரியாமல் செய்து கொடுத்தார். ஓதம் போக வேண்டும் என்று நாங்கள் கேட்கவே இல்லை.

ஆகவே ஒரு மழைக்காலம் முழுக்க எதையும் இடிக்காமல், பூசாமல் அந்த வீட்டில் குடியிரு. எந்தச் சுவர் வியர்க்கிறது, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்த மூலையில் தேங்குகிறது என்று பார். சுவரோரம் மண் உயர்ந்து தளமட்டத்தைத் தாண்டியிருந்தால் அதை வெட்டி எடு. உடைந்த மழைநீர்க் குழாயை மாற்று. மண்வெட்டியோடு முடிகிற வேலைக்குப் பல பேர் வீட்டையே கொத்திப் போடுகிறார்கள். பூசித்தான் ஆக வேண்டுமென்றால் சுண்ணாம்பிலேயே பூசு. காய நாளாகும், அவசரப்படுத்தாதே.

அடுத்தது கிணறு. இதை நீ கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் சின்னவனுக்கு இன்னும் ஐந்து மாதம் முடியவில்லை, குடிப்பதோ புட்டிப்பால். "தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாக இருக்கிறது, காய்ச்சித்தான் கொடுப்போம்" என்று எழுதியிருக்கிறாய். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும். உரம் போட்ட நிலத்திலிருந்தும் கழிவுத் தொட்டியிலிருந்தும் அது கிணற்றுக்கு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி அது செய்துவிடும். உதடும் விரல்நுனியும் நீலமாகும். லிட்டருக்கு 50 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. ஃபுளோரைடுக்கு 1.5 மில்லிகிராம், அது கூடினால் பெரியவளின் பல்லில் கறை விழும், மிகவும் கூடினால் எலும்பு வரைக்கும் போகும். குடிபோவதற்கு முன்பே ஒரு பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்து இரண்டையும் பார்க்கச் சொல். கிருமிப் பரிசோதனையும் சேர்த்துச் செய். முதல் பெருமழைக்குப் பிறகு கிருமிப் பரிசோதனையை மறுபடியும் செய். முடிவு கைக்கு வரும்வரை சின்னவனுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் கலக்காதே.

கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே எத்தனை தூரம் என்று நீயே அடியெடுத்து அளந்து பார். விற்றவர் சொன்னதை நம்பாதே. குறைந்தது 15 மீட்டராவது இருக்க வேண்டும் என்பார்கள். மணலாகவோ வெடிப்புள்ள பாறையாகவோ இருந்தால் அதுவும் போதாது. நகரத்தில் நாம் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றியதோடு கதை முடிந்தது என்று நினைத்தே வாழ்ந்துவிட்டோம். இங்கே கதை உன் தோட்டத்துக்கு அடியிலேயே தொடரும். கண்டதையெல்லாம் உள்ளே போடாதீர்கள், கிருமிநாசினியைக் குடம் குடமாக ஊற்றாதீர்கள்; கழிவைச் செரிப்பதே உள்ளே இருக்கும் கிருமிகள்தான். மூடி உறுதியாக இருக்கிறதா என்று ஏறி மிதித்துப் பார்க்காமல், தள்ளி நின்று கம்பியால் தட்டிப் பார். எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் அதற்குள் இறங்கவிடாதே. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு அளவு கூடும்போது மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நினைத்து இறங்கியவர்களும், அவர்களைத் தூக்கப் போனவர்களும் ஒன்றாகச் செத்திருக்கிறார்கள்.

மின்சாரத்தைப் பற்றி நீயே தெரிந்துவைத்திருப்பாய். எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவு வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி பொருத்தியிருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் பார். இன்டர்நெட்டைப் பகல் பதினொரு மணிக்குச் சோதிக்காதே. ஊரே வீடு திரும்பிய பிறகு, இரவு எட்டு மணிக்குச் சோதித்துப் பார்.

பெரியவளுக்கு வருகிறேன். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்கிறாளாம், உன் மனைவி சொன்னாள். "கிராமத்துக் காற்றில் ஓடியாடினால் கண் சரியாகிவிடும்" என்று நீ சொன்னாயாம். பத்து வருடம் கண் மருத்துவமனையில் செவிலியாக இருந்தவளின் மகன் இப்படிப் பேசலாமா? வெளிச்சத்தில் விளையாடுவது கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடும். வந்துவிட்டதைப் போக்காது. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் ஆறு வயதுக் குழந்தைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல இருந்த குழந்தைகளில் 39.5 சதவீதம். 2015-இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. நல்ல செய்திதான். ஆனால் அது நடந்தது பெரிய நகரத்தில் என்பதையும் பார். குழந்தையை வாசலுக்கு வெளியே அனுப்புகிறவர் இருந்தால் எந்த ஊரிலும் நடக்கும். கையில் போனைக் கொடுத்து உட்காரவைத்தால் மரத்தடி வீட்டிலும் நடக்காது. கிளம்புவதற்கு முன்பே அவளுக்குக் கண் பரிசோதனை செய்து, கண்ணாடி வேண்டுமென்றால் வாங்கிப் போட்டுவிடு. புதுப் பள்ளியில் முதல் நாளே கரும்பலகை தெரியாமல் உட்கார வேண்டாம். தோழிகளை விட்டுவிட்டு வருகிறவளுக்கு அது ஒன்றே போதும், அந்த ஊரை வெறுக்க.

அவசரத்துக்கு வண்டி வர எத்தனை நிமிடம் ஆகும் என்று பக்கத்து வீட்டில் கேட்டுவை. யாருக்காவது இதயம் நின்றால், ஒன்றும் செய்யாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. மார்பின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. இருவரும் ஒரு நாள் பயிற்சிக்குப் போய் வாருங்கள்.

பக்கத்து வீடு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சிறிய ஊரில் நீங்கள் பல வருடங்களுக்கு "புதிதாக வந்தவர்கள்"தான். உதவி செய்து நல்ல பெயர் வாங்கப் பார்க்காதே. உதவி கேள். ஏணி கேள், மண்வெட்டி கேள், எந்தப் பக்கமிருந்து மழை வரும் என்று கேள். கேட்கிறவனை ஊருக்குப் பிடிக்கும். நகரத்திலிருந்து வந்து சொல்லிக்கொடுக்கிறவனைக் கண்டால் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும்.

இனி, இந்தக் கடிதத்தை நான் எதற்காக எழுத ஆரம்பித்தேனோ அது. "அவள் வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பாள், முடியாவிட்டால் கொஞ்ச நாள் விட்டுவிடுவாள்" என்று எழுதியிருக்கிறாய். மரத்துக்கு ஐந்து படம், அவள் வேலைக்கு ஒரு வரி.

நான் மருத்துவமனையை விட்டதும் "கொஞ்ச நாள்" என்றுதான். அந்த ஊரில் கண் மருத்துவமனை இல்லை. வீட்டில் ஒரே வண்டி. காலையில் அதை உன் அப்பா எடுத்துக்கொண்டு போய்விடுவார். நீ பள்ளிக்கூடத்தில். பத்து மணிக்கு மேல் அந்த வீட்டில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கும். உன் அப்பா கெட்டவர் இல்லை. மாலையில் வந்து, தோட்டத்தில் நின்றுகொண்டு, "எவ்வளவு அமைதி பார்த்தாயா" என்பார். அவர் நாளெல்லாம் நாற்பது பேரோடு பேசிவிட்டு வந்தவர். அவருக்கு அது அமைதி. நான் காலையிலிருந்து யாரிடமும் பேசாதவள். "ஆமாம்" என்பேன். மூன்று வருடம் "ஆமாம்" என்றேன். என் அக்கா போனில் கேட்டபோதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றேன். அவர் ஆசைப்பட்டு வாங்கிய வீடு, நான் ஏன் கெடுக்க வேண்டும் என்ற எண்ணம். நான்காவது வருடம் பக்கத்து ஊரில் எனக்கு வேலை கிடைத்தது, வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன், வாழ்க்கை வேறாகிவிட்டது. ஆனால் அந்த மூன்று வருடத்தைப் பற்றி இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. உன்னிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

"உனக்குச் சம்மதம்தானே" என்று அவளிடம் கேட்காதே. அதற்கு ஒரே பதில்தான் உண்டு. அது எனக்குத் தெரியும். பகல் பதினொரு மணிக்கு நீ என்ன செய்துகொண்டிருப்பாய், யாரோடு பேசுவாய், எதில் ஏறி எங்கே போவாய் என்று கேள். பதில் சொல்ல அவளுக்கு நேரமாகும், பொறுத்திரு. நகரத்து வீட்டை விற்காதே, வாடகைக்கு விடு. ஒரு வருடம் கழித்து அவள் திரும்பிப் போகலாம் என்றால் போவதற்கு இடம் இருக்கட்டும். இரண்டாவது வண்டி வாங்கிய பிறகு மாடி அறை கட்டலாம்.

அங்கே எனக்கு எல்லாமே துயரம் என்று நினைத்துவிடாதே. போன முதல் வருடம் ஒரு நாள் மின்சாரம் போய்விட்டது. அப்பா தூங்கிவிட்டார். நீ இருட்டுக்குப் பயந்து அழுதாய். உன்னைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும், அதுவரை டார்ச் போடக் கூடாது என்றேன். நீ என் மடியில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாய். முன்னூறுக்குப் பிறகு எண் தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாய். அப்புறம் ஆந்திரமேடா என்ற விண்மீன் பேரடையைக் காட்டினேன். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், பக்கத்தில் பார்த்தால் தெரியும். மங்கிய ஒளியை வாங்கும் செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை. அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் வருடம் ஆகிறது என்றதும் "அப்போ நான் எங்கே இருந்தேன்" என்று கேட்டாய். மருத்துவமனையில் நான் படித்தது அந்த ஊரில் முதன்முதலாகப் பயன்பட்ட இரவு அது. பெரியவளுக்கும் காட்டு. கண்ணாடி போட்டபிறகு காட்டு.

இதோடு இன்னொரு உறை வைத்திருக்கிறேன். அது உன் மனைவிக்கு. நீ பிரிக்காதே, என்ன எழுதியிருக்கிறேன் என்று அவளிடம் கேட்கவும் வேண்டாம்.

அந்த நாற்காலியை நகர்த்திவிட்டு, சுவரை ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா