சூட்கேஸில் போத்தல் வேண்டாம்

அன்பு மகளுக்கு,

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு நீயும் பிள்ளைகளும் மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலுக்கு வருகிறீர்கள் என்பதே எங்களுக்குப் பெரிய சந்தோஷம். லண்டனில் இருந்து என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டிருந்தாய். ஷாம்பு, பொடி வாஷ், கிறீம் என்று சூட்கேஸை நிரப்பாதே மகள். சித்திக்கும் மாமிக்கும் கொடுக்கக் கடதாசியில் சுற்றின சவர்க்காரக் கட்டி போதும்.

இங்கே பழைய சாமான் எடுக்க வருகிறவர் தண்ணீர்ப் போத்தலை எடுப்பார். அமத்துகிற மூடி வைத்த போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். அந்த மூடிக்குள் கம்பிச் சுருளும் வெவ்வேறு வகைப் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கிடக்கும், யார் கழற்றிப் பிரிப்பது? பிறகு அது வளவு மூலையில் எரியும், இல்லாவிட்டால் வடிகானுக்குள் போகும். மாரி மழைக்கு வடிகான் தண்ணீர் வாவிக்குப் போய், முகத்துவாரத்தால் கடலில் விழும்.

மழை விட்ட பிறகு வாவிக் கரைக்குப் போனேன். கண்டல் வேர்களுக்கிடையில், கிழித்துப் பாவிக்கிற சின்ன ஷாம்பு பக்கெட்டுகள் சிக்கிக் கிடந்தன. எழுத்தெல்லாம் அழிந்து உள்பக்கத்து வெள்ளி மட்டும் மினுங்கியது. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், மெல்லிய தாள் தாளாக உரிந்ததே தவிர உக்கவில்லை. இறால் குஞ்சும் நண்டும் வளர்கிற இடம் அது. எனக்கு வயிறு எரிந்தது.

20 மில்லிலீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அந்தப் பக்கெட்டுகளை 2021 மார்ச் 31 முதல் அரசாங்கம் தடைசெய்தது. சாப்பாடு, மருந்துக்கு மட்டும் விலக்கு. பிளாஸ்டிக் தண்டு வைத்த காதுப் பஞ்சுக் குச்சிக்கும் அதே நாளில்தான் தடை. ஆனாலும் கடைகளில் பக்கெட் தொங்குவதைக் காண்கிறேன். அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிற வீட்டில் பெரிய போத்தலுக்குக் காசு ஏது? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வசதி உள்ள நாங்கள்தான் முதலில் குறைக்க வேண்டும்.

முகம் தேய்க்கிற கிறீமில் பிளாஸ்டிக் மணி போடுவதை உங்கள் நாட்டில் 2018இல் நிறுத்தினார்கள், நல்ல காரியம். இங்கே நமக்குப் பயற்றம் மா இருக்கிறது. உன் தலைக்குச் செவ்வரத்தை இலை கசக்கித் தருகிறேன், வேலியோரம் நிறைய நிற்கிறது.

சின்னவளுக்கு வெட் வைப்ஸ் கட்டுக்கட்டாக வேண்டாம். துணி போல இருந்தாலும் பலதில் பிளாஸ்டிக் நூல்தான். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பயணத்துக்கு மட்டும் ஒரு கட்டு கொண்டுவா, சரி.

அப்பாவுக்கு இரும்பு ரேசர் ஒன்று வாங்கு. பிளேட் இங்கேயே கிடைக்கும். டிக்கெட் போட்டதும் எழுது.

அம்மா